பட்டம் பெற்ற நாயா, பாதுகாப்புப் பயிற்சி பெற்ற நாயா?

கேள்வி: ஐயா, நான் திருகோணமலை நகரில் கடற்கரைக்கு அண்மையில் வசிக்கும் ஆசிரியை. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டில் நானும் மாமியும் பதினொரு வயது மகனும் ஆறு வயது மகளும் இருக்கிறோம். பின்னேரங்களில் முன் விறாந்தையில் ரியூசன் வகுப்பு நடத்துகிறேன். அண்மையில் கிணற்றடியில் இருந்த தண்ணீர் மோட்டாரைக் கள்ளர் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகு ஓர் இரவு குசினிக் கதவை யாரோ தள்ளிப் பார்த்தார்கள். நல்ல காவல் நாய் ஒன்று வாங்கும்படி கணவர் சொல்கிறார். தம்பி கொழும்புப் பக்கத்தில் இரண்டு நாய்களைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று, சேர்பியாவில் இருந்து இறக்கிய ஐந்து வயது ஆண் ஜேர்மன் ஷெப்பேர்ட், அதற்கு ஐ.ஜி.பி. 2 என்ற பட்டம் இருக்கிறதாம். மற்றது, பெல்ஜிய ஷெப்பேர்ட் வகையான மலினுவா இனத்து இரண்டு வயதுப் பெண் நாய். ‘தனிநபர் பாதுகாப்பு, மூன்றாம் நிலை’ முடித்தது, யாரையும் கிட்ட விடாது என்கிறார்கள். விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மலினுவாவுக்கு முற்பணம் கேட்கிறார்கள். நான் முன்பு ஊர்நாய் மட்டுமே வளர்த்திருக்கிறேன். எதை வாங்குவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம்.

முற்பணம் பற்றிய பேச்சு அவசரமானது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலினுவாவுக்கு இப்போது ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். “யாரையும் கிட்ட விடாது” என்று விற்பவரே பெருமையாகச் சொல்லும் நாய், பின்னேரந்தோறும் பிள்ளைகள் வந்துபோகும் வளவுக்குப் பொருந்தாது. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கவேண்டும் என்று வீட்டார் ஒற்றைக்காலில் நின்றால், நான் கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால் மாத்திரம், அந்த ஷெப்பேர்டை எடுக்கலாம். ஆயினும் உங்கள் வீட்டு நிலைமையை வைத்துப் பார்க்கும்போது, உங்களுக்குத் தேவைப்படுவது கடிக்கப் பழக்கிய நாயே அல்ல என்பதுதான் என் அபிப்பிராயம். அதற்கான காரணங்களை விளங்கிக்கொள்ள, அந்த இரண்டு நாய்களுக்கும் உண்மையில் என்ன பழக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

ஐ.ஜி.பி. என்பது ஒரு நாய் விளையாட்டுப் பரீட்சை. பொலிஸ் மா அதிபருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஜேர்மனியில் ஷெப்பேர்ட் நாய்களுக்கான சங்கம் 1899இல் தொடங்கப்பட்டது. இனவிருத்திக்கு எந்த நாய் தகுதியானது என்பதை அழகை வைத்து அல்லாமல் வேலையை வைத்துத் தீர்மானிக்க வேண்டும் என்ற நோக்கத்துடன், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே உருவான சோதனைதான் பிற்காலத்தில் ஷுட்ஸ்ஹுண்ட் என்றும், பின்னர் ஐ.பி.ஓ. என்றும், 2019 முதல் ஐ.ஜி.பி. என்றும் பெயர் பெற்றது. மோப்பத் தடம், கீழ்ப்படிவு, பாதுகாப்பு என்று மூன்று பகுதிகள். பகுதிக்கு 100 புள்ளிகளாக மொத்தம் 300. ஒவ்வொன்றிலும் குறைந்தது 70 எடுக்காவிட்டால் தேர்ச்சி இல்லை. தடத்தில் 95 எடுத்த நாய் பாதுகாப்பில் 69 எடுத்தாலும் பட்டம் கிடையாது.

இந்தப் பரீட்சையைச் சிலர் “விளையாட்டுத்தானே” என்று தள்ளிவிடுவது சரியல்ல. பட்டத்துக்கு வருமுன் நாய் பி.எச். என்ற அடிப்படைத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். அதில் சைக்கிளில் வருபவரையும் ஓடுபவரையும் வாகனங்களையும் நாய் சலனமின்றிக் கடக்கிறதா என்று தெருவிலேயே வைத்துப் பார்ப்பார்கள். பட்டத் தேர்வின் கீழ்ப்படிவுப் பகுதியில், வார் இல்லாமல் பக்கத்தில் நடக்கும்போது சற்றுத் தள்ளி இரண்டு துவக்கு வெடி வைக்கப்படும். வெடிக்குப் பயந்து ஒடுங்கும் நாய் அந்த இடத்திலேயே விலக்கப்படும். தீபாவளி இரவையும் கோயில் திருவிழா வெடியையும் தாங்கவேண்டிய நம் ஊர் நாய்க்கு அது சிறிய தகுதி அல்ல. பாதுகாப்புப் பகுதியில், தாக்குபவராக நடிக்கும் ஹெல்பர் எனப்படும் ஆள் தடித்த கைக்கவசம் அணிந்து மறைப்புக் கூடாரத்துக்குள் நிற்பார். நாய் அவரைத் தேடிக் கண்டுபிடித்து, அவர் அசையாமல் நிற்கும் வரை தொடாமல் குரைத்து நிறுத்திவைக்க வேண்டும். அவர் ஓட முயன்றாலோ தாக்கினாலோ மாத்திரம் பிடிக்கலாம். பிடித்ததை “விடு” என்றதும் விட வேண்டும். முதற் கட்டளைக்குப் பின் இன்னும் இரண்டு கட்டளைகள் அனுமதிக்கப்படும், அதற்கும் விடாத நாய் தேர்விலிருந்து நீக்கப்படும். கடிப்பதைவிட விடுவதுதான் கடினமான பாடம் என்று தெரிந்தவர்கள் அமைத்த விதி அது.

ஆகவே பட்டத்தின் பெறுமதி இதுதான்: நாய்க்குச் சொந்தக்காரர் அல்லாத, அதை விற்கவேண்டிய தேவையும் இல்லாத ஒரு நடுவர், பழக்கமில்லாத மைதானத்தில் அதைப் பார்த்துப் புள்ளியிட்டிருக்கிறார். நீங்கள் ஆசிரியை என்பதால் இப்படிச் சொன்னால் உடனே விளங்கும்: அது சாதாரணதரப் பெறுபேறு மாதிரி. எந்தப் பாடம், என்ன சித்தி என்பதை நம்பலாம். அந்தப் பிள்ளை நள்ளிரவில் வீட்டில் தனியே இருக்கும்போது என்ன செய்யும் என்பதை அந்தத் தாள் சொல்லாது.

தம்பி பார்த்தது பட்டத்தின் பிரதியா, முழுப் புத்தகமா என்று கேளுங்கள். பட்டம் பெற்ற நாய்க்குப் பெறுபேற்றுப் புத்தகம் ஒன்று இருக்கும். எந்த நாளில், எந்த இடத்தில், எந்த நடுவர் முன்னிலையில், பகுதிக்கு எத்தனை புள்ளி என்பது அதில் பதியப்படும். பாதுகாப்புப் பகுதியில் புள்ளிக்குப் புறம்பாக, நாயின் உள்ளூக்கம், தன்னம்பிக்கை, அழுத்தத்தைத் தாங்கும் திறன் ஆகியவற்றுக்கு நடுவர் தனியாக ஒரு மதிப்பீடும் தருவார். உங்களுக்கு அந்த வரி மொத்தப் புள்ளியைவிட முக்கியம். புத்தகத்தில் உள்ள மைக்ரோசிப் இலக்கம், வம்சாவளிப் பத்திரத்தில் உள்ள இலக்கம், கால்நடை வைத்தியர் கருவியை நாயின் கழுத்தோரம் வைத்து வாசிக்கும் இலக்கம் ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐ.ஜி.பி. 2 எழுதுவதற்குக் குறைந்த வயது 19 மாதம். அதற்கு முன் ஐ.ஜி.பி. 1 எடுத்திருக்கவும் வேண்டும். ஐந்து வயது நாயின் தாளில் ஐ.பி.ஓ. என்ற பழைய பெயர் இருந்தால், அது வேறொரு நாயின் தாள் என்று வைத்துக்கொள்ளலாம். நாடுவிட்டு நாடு வரும்போது நாயும் தாளும் மாறிப்போவது இந்த வியாபாரத்தில் புதினம் அல்ல.

இனி, பட்டம் எதைச் சொல்லாது என்பதைப் பார்ப்போம். விற்பனைக்காகக் காட்டப்படும் ஒரு பயிற்சியில் நான் கண்டதை எழுதுகிறேன். பட்டம் பெற்ற, பார்க்கவும் கம்பீரமான ஓர் ஆண் நாய் பாய்ந்து வந்து ஹெல்பரின் கைக்கவசத்தைப் பிடித்தது. நல்ல, நிறைந்த பிடி. ஹெல்பர் கைக்கவசத்தைக் கழற்றி நழுவவிட்டார். நாய் அதை வாயில் தூக்கிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, வாலை ஆட்டியபடி மைதானத்தை ஒரு வட்டம் சுற்றியது. வெறுங்கையுடன் நாலடி தூரத்தில் நின்ற மனிதரை அது திரும்பியும் பார்க்கவில்லை. அந்த நாயில் குறை எதுவும் இல்லை. அது கற்றுக்கொண்ட விளையாட்டில் கைக்கவசம்தான் பரிசு, பரிசை வென்றுவிட்டது, விளையாட்டு முடிந்தது. குசினிக் கதவைத் தள்ளுபவன் கைக்கவசத்துடன் வரமாட்டான்.

எல்லாப் பட்ட நாய்களும் அப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது. அதே பட்டம் பெற்ற இன்னொரு நாய், கைக்கவசம் விழுந்த கணமே அதை விட்டுவிட்டு ஆளை நோக்கித் திரும்பும். வித்தியாசம் நாயின் பிறவிக் குணத்திலும், பழக்கியவர் எதை வெகுமதியாக்கினார் என்பதிலும் இருக்கிறது. தாளில் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள்தான். இன்னொன்று, மைதான நாய் மாடிப்படியிலும் வழுக்கும் ரைல்ஸ் தரையிலும் இருட்டறையிலும் பிடித்துப் பழகியிருக்காது. பல நாய்கள் வாழ்நாள் முழுவதும் கூட்டில் இருந்து, பயிற்சிக்கு மட்டும் வெளியே வந்தவை. வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கக் கூடாது என்பதே அவற்றுக்குத் தெரியாது, மிக்சர் சத்தத்துக்கு வெருளும், சிறுபிள்ளையைப் பக்கத்தில் கண்டிருக்காது.

விளையாட்டுகளும் ஒரே மாதிரியானவை அல்ல. பிரெஞ்சு ரிங், மொண்டியோ ரிங் ஆகியவற்றில் ஹெல்பர் உடல் முழுவதும் மூடிய உடை அணிவார். அவர் வந்து எசமானுடன் கைகுலுக்கும்போது நாய் அமைதியாக இருக்க வேண்டும், எசமானைத் தாக்கும்போது மாத்திரம் பிடிக்க வேண்டும் என்று ஒரு பயிற்சி அவற்றில் உண்டு. தனிநபர் பாதுகாப்புக்கு மிக நெருங்கியது அதுதான். நெதர்லாந்தின் பொலிஸ் நாய்ச் சங்கமான கே.என்.பி.வி.யின் சான்றிதழ் பெற்ற நாய்கள் பெரும்பாலும் பொலிசுக்குப் போகின்றவை. குடும்ப வீட்டில் வைத்திருக்க அவை அளவுக்கு மிஞ்சிய நாய்கள்.

மலினுவாவின் ‘தனிநபர் பாதுகாப்பு, மூன்றாம் நிலை’ என்பதற்கு வருவோம். இந்த ‘நிலை’களை வரையறுக்கும் சர்வதேச விதி எதுவும் இல்லை. பயிற்றுபவரே பாடத்திட்டம், அவரே நடுவர், அவரே விற்பனையாளர். ஒருவருடைய மூன்றாம் நிலை இன்னொருவருடைய முதலாம் நிலைக்கும் கீழே இருக்கலாம். அதற்காக எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். நேர்மையாகப் பழக்கிய பாதுகாப்பு நாய், வீட்டுத் தேவைக்கு மைதான நாயைவிட எவ்வளவோ மேலானது. அது குடும்பத்துடன் வீட்டுக்குள் வாழ்ந்து பழகியிருக்கும். விருந்தினர் வந்தால் எழுந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். சொன்னால் குரைக்கும், போதும் என்றால் நிறுத்தும். பாய்ந்து போகும் வழியிலேயே கூப்பிட்டால் திரும்பி வரும். ஆனால் இவற்றை நிரூபிக்கும் தாள் ஏதும் இல்லை என்பதால், நிரூபணம் முழுவதும் உங்கள் கண்முன்னே நடக்க வேண்டும். தம்பிக்கு அனுப்பப்பட்ட காணொளி நிரூபணம் ஆகாது. அதே மைதானம், அதே ஹெல்பர், பத்துத் தரம் எடுத்ததில் நன்றாக வந்த ஒன்று.

நல்ல பாதுகாப்பு நாயின் முதல் அடையாளம், அது சாதாரண நேரத்தில் சலிப்பூட்டும் அளவுக்கு அமைதியாக இருப்பதுதான். யாரையும் கிட்ட விடாத நாய் பெரும்பாலும் பயந்த நாய். கேள்விப்படுபவர்களுக்கு இது புதுமையாக இருக்கும், ஆனால் கண்ணால் பார்த்தால் பிடிபடும். பயத்தில் சீறும் நாயின் காதுகள் பின்னே படியும், உடற்பாரம் பின்னங்காலில் இருக்கும், உதட்டோரம் பின்னுக்கு நீண்டு கடைவாய்ப் பல்லும் தெரியும். குரல் உச்சத்தில் கீச்சிடும். கடித்தால் முன்பற்களால் நுனியில் கடித்து, விட்டு, இடம் மாற்றி மறுபடி கடிக்கும். கண் ஹெல்பரில் நிற்காமல் தப்பும் வழியைத் தேடும். தன்னம்பிக்கையுள்ள நாய் முன்னே சாய்ந்து நிற்கும், ஆழ்ந்த குரலில் சீராகக் குரைக்கும், வாய் நிறையக் கவ்வி அமைதியாகப் பிடித்திருக்கும். ஹெல்பர் தடியை ஓங்கினால் பிடி தளராமல் இன்னும் இறுகும். பயந்த நாய் திருடனைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய், மறுநாள் மாமியின் கணுக்காலைக் கடிக்கக் கூடியது. இரண்டு வயது என்பதும் எனக்குத் தயக்கம் தருகிறது. அந்த வயதில் மலினுவா மனமுதிர்ச்சி அடையத் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். அதற்குள் மூன்று நிலைகளையும் முடித்தது என்றால் மிகவும் அவசரப்பட்டு அழுத்தியிருக்கிறார்கள், அல்லது அந்த நிலைகளுக்கு அவ்வளவு கனம் இல்லை.

இனி உங்கள் வளவுக்கு வருகிறேன். முடிவைத் தீர்மானிப்பது அதுதான். கடிக்கப் பழகிய எந்த நாயும் சில காட்சிகளை மனத்தில் பதித்து வைத்திருக்கும். ஆள் ஓடுவது ஒரு காட்சி, கையை ஓங்குவது ஒன்று, கத்துவது ஒன்று, உடலைத் தடிப்பாகக் காட்டும் உடை இன்னொன்று. வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் எப்படிப் படலைக்குப் போகிறார்கள் என்பதை ஒருநாள் நின்று பாருங்கள். புத்தகப்பை ஒரு தோளில் தொங்க, ஒருவர் ஓட, மற்றவர் துரத்த, மூன்றாவது பிள்ளை கூச்சலிடும். ஹெல்பர் ஓடும்போது பிடி என்று நூற்றுக்கணக்கான தடவை பழக்கிய நாய்க்கு அது எப்படித் தெரியும் என்று எண்ணிப்பாருங்கள். மாரி காலத்தில் நீண்ட மழைக்கோட்டும் தலைமூடியுமாகச் சைக்கிளில் வரும் மீன்காரரும், மின்மானி வாசிக்க வருபவரும், பார்சல் கொண்டு வருபவரும் உங்கள் படலையைத் திறப்பார்கள். நல்ல குணமும் நல்ல பழக்கமும் உள்ள நாய் இவர்களைப் பிரித்தறியும். அந்தப் பிரித்தறிதலை ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு நூறு எதிர்பார்க்க வேண்டிய வீடாக உங்கள் வீடு இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

நகரவாசியான உங்களுக்கு மான்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் நகரத்துக்குள் வந்து மேய்வதைப் பார்த்துப் பழகிய நாம் அதை விசேடமாக நினைப்பதில்லை. துரத்தும் வேட்கைக்காகவே தேர்ந்து இனவிருத்தி செய்யப்பட்ட மலினுவாவோ வேலைக்கென வளர்க்கப்பட்ட வம்சத்து ஷெப்பேர்டோ அப்படி நினைக்காது. படலை திறந்திருக்கும் நேரத்தில் மான் ஒன்று தெருவைக் கடந்து ஓடினால், ஓட்டோவும் பஸ்ஸும் வரும் தெருவில் நாயை நிறுத்த உங்கள் குரலால் முடிய வேண்டும். கட்டாக்காலி மாடும் நாயும் வேறு.

அடுத்தது, அந்த நாயை யார் கையாள்வார் என்ற கேள்வி. கணவர் வெளிநாட்டில், தம்பி வேறு வீட்டில். எஞ்சியிருப்பது நீங்களும் மாமியும். பயிற்சி பெற்ற நாயை வாங்குவது குளிர்சாதனப் பெட்டி வாங்குவது அல்ல என்று விற்பவர்களே சொல்வார்கள், பிறகு அரை நாளில் கையளித்துவிட்டும் போவார்கள். உண்மையில் புதிய எசமானுடன் நாய் ஒட்டிப் பழகச் சில கிழமைகளாவது வேண்டும்; அதன் பின்னும் தினமும் கீழ்ப்படிவு, இடைக்கிடை தகுதியான ஹெல்பருடன் பயிற்சி என்று தொடர்ந்தால்தான் “விடு” என்பது “விடு” ஆகவே இருக்கும். பயிற்சி நின்றால் கடி மறக்காது, விடுதல்தான் முதலில் மறக்கும். தகுதியான ஹெல்பர்கள் கொழும்பைச் சுற்றியே இருக்கிறார்கள். இங்கிருந்து சுமார் 260 கிலோமீற்றர். பொலிஸ் நாய்ப் பிரிவில் நாய்க்கென்று கையாளுநர் நியமிக்கப்பட்டு, தினமும் அதுவே அவர் கடமையாக இருப்பதை நினைத்துப் பாருங்கள். பாடசாலையும் ரியூசனும் சமையலும் பார்க்கும் உங்களிடம் அந்த நேரத்தை எதிர்பார்ப்பது நியாயமல்ல.

சட்டத்தையும் ஒரு தரம் பார்த்துவிடுவோம். நம் நாட்டில் வழங்கும் உரோம-டச்சுச் சட்டத்தில், வளர்ப்பு விலங்கு தன் இனத்தின் இயல்புக்கு மாறாக நடந்து ஒருவருக்குத் தீங்கு செய்தால், சொந்தக்காரரின் கவனயீனத்தை நிரூபிக்காமலே நட்டஈடு கோரும் வழக்கு வகை ஒன்று இருக்கிறது. உரிமையின்றி வளவுக்குள் வந்தவருக்கும் நாயைச் சீண்டியவருக்கும் எதிராகச் சொந்தக்காரர் வாதாடலாம். ரியூசனுக்கு வரும் பிள்ளை உங்கள் அழைப்பின் பேரில் வருபவர். அந்தப் பிள்ளைக்கு எதிராக அந்த வாதம் நிற்காது. போதாததற்கு, நாய் கடிக்கப் பழக்கப்பட்டது என்பது தெரிந்தேதானே வாங்கினீர்கள் என்ற கேள்வியும் எழும். முடிவெடுக்கு முன் சட்டத்தரணி ஒருவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்த நாயானாலும் உள்ளூராட்சி மன்றப் பதிவும் வருடாந்த விசர்நாய்த் தடுப்பூசியும் கட்டாயம்.

காலநிலை பற்றிச் சுருக்கமாக: கச்சான் காற்று வீசும் மாதங்களில், ஐரோப்பாவில் வளர்ந்த இரட்டை மயிர்ப் படலமுள்ள ஷெப்பேர்டை விடிய முன்னும் பொழுது பட்ட பின்னும் மட்டுமே நடத்தலாம், பகலில் நிழலும் காற்றோட்டமும் தண்ணீரும் வேண்டும். உண்ணிக் காய்ச்சல் இங்கே வெளிநாட்டு நாய்களைச் சாய்க்கக்கூடிய வியாதி. உண்ணி மருந்தை மாதாமாதம் தவறவிடக் கூடாது.

அப்படியென்றால் நான் என்ன செய்யச் சொல்கிறேன்? உங்கள் வீட்டுக்கு வந்தவன் மோட்டார் கழற்றும் கள்ளன். அவனுக்கு வேண்டியது இருட்டு, சத்தமில்லாமை, நேரம். இந்த மூன்றையும் கெடுப்பதற்கு, கடிக்கத் தெரியாத ஆனால் குரைக்கத் தயங்காத நாய் போதும். நீங்கள் வளர்த்துப் பழகிய ஊர்நாயையே மறுபடி யோசியுங்கள் என்பேன்: வெயிலைத் தாங்கும், சின்னச் சத்தத்துக்கும் எழும், இரவில் உண்மையாகவே விழித்திருக்கும். இரண்டு மாதக் குட்டியாக எடுத்து, ரியூசன் பிள்ளைகள் மத்தியில் வளரவிட்டு, வகுப்பு நேரத்தில் பின் வளவில் கட்டப் பழக்கினால், ஒரு வருடத்துக்குள் உங்களுக்குத் தேவையான எச்சரிக்கை கிடைக்கும். உருவத்தில் கம்பீரம் வேண்டும் என்று கணவர் விரும்பினால், இலங்கையிலேயே பிறந்த, தாய் நாயை நேரில் பார்த்துக் குணம் அறிந்த ஷெப்பேர்ட் குட்டி ஒன்றை வாங்கி, கீழ்ப்படிவு மட்டும் பழக்குங்கள். கடிப் பயிற்சிக்கு யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். வளர்ந்த ஷெப்பேர்ட் ஒன்று மதிலுக்கு அப்பால் குரைத்தால், அது கடிக்கப் பழகியதா இல்லையா என்று பார்க்க எந்தக் கள்ளனும் உள்ளே இறங்கமாட்டான்.

எல்லாவற்றுக்கும் பிறகும் அந்த ஐந்து வயது நாயில் மனம் நின்றால், அதற்குச் சாதகமான விடயங்களும் உண்டு. வயது முதிர்ந்தது, குணம் படிந்துவிட்டது, விடு என்றால் விடும் என்பதற்கு நடுவரின் கையெழுத்து இருக்கிறது. வாங்கு முன் நீங்களும் மகனும் நேரில் போங்கள். தம்பியை மட்டும் அனுப்பவேண்டாம். முதலில் நாயைக் கூட்டிலிருந்து எடுத்து, மைதானத்துக்கு அல்ல, அருகிலுள்ள சந்தைத் தெருவுக்கு வாரில் நடத்திச் செல்லச் சொல்லுங்கள். அது ஆட்களை எப்படிக் கடக்கிறது என்பதைப் பார்த்தால், கைக்கவசக் காட்சியைவிட அதிகம் தெரியும். பிறகு பழக்கமில்லாத ஒரு வீட்டின் ரைல்ஸ் தரையில் நடக்கவிடுங்கள். உங்களைக் கண்டதும் முகர்ந்து பார்த்துவிட்டு அக்கறையில்லாமல் நின்றால் நல்லது. அளவுக்கு மீறிக் குழைந்தாலும் உறுமினாலும் வேண்டாம். மகன் சற்றுத் தள்ளிப் பந்து விளையாடட்டும். நாயின் கண் அதிலேயே குத்திட்டு நின்று, கூப்பிட்டாலும் திரும்பவில்லை என்றால் அந்த நாய் உங்கள் வளவுக்கு ஆகாது. நாயின் பாதுகாப்பு வேலையைப் பார்க்க விரும்பினால், விற்பவருடன் தொடர்பில்லாத ஹெல்பர் ஒருவரை ஒழுங்கு செய்து, நாய்க்கு வாய்க்கூடு போட்டு, கைக்கவசம் இல்லாமல் சோதிக்கச் சொல்லுங்கள். கால்நடை வைத்தியரிடம் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் செய்யுங்கள். இடுப்பு மதிப்பீடு வம்சாவளிப் பத்திரத்திலும் இருக்க வேண்டும். இரண்டு கிழமைப் பரீட்சார்த்த காலத்தையும், பொருந்தாவிட்டால் பணம் திரும்பும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். இதற்கு மறுப்பவரிடம் மேற்கொண்டு பேசத் தேவையில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் வகுப்பு நேரத்தில் அது பூட்டிய கூட்டில்தான் இருக்க வேண்டும். கட்டளைகள் ஜேர்மன் மொழியில் இருக்கும். நீங்கள் அவற்றையே பாவிக்கலாம், அல்லது சில கிழமைகளில் தமிழுக்கு மாற்றலாம், அது பெரிய வேலை அல்ல.

பெறுபேற்றுப் புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும், வம்சாவளிப் பத்திரத்தின் இரு புறத்தையும் தம்பி படம் எடுத்து அனுப்பினால் நான் பார்த்துச் சொல்கிறேன். அதற்கிடையில், புதிய மோட்டாருக்கு ஒட்டுவேலைக்காரரிடம் சொல்லி இரும்புக் கூடு ஒன்றை அடித்து, கிணற்றுக்கட்டுச் சீமெந்தில் இறக்கிப் பூட்டுங்கள். குசினிக் கதவுக்கு உள்ளே குறுக்குத் தாழ்ப்பாளும், வெளியே ஆள் அசைந்தால் எரியும் விளக்கும் இந்தக் கிழமையே போட்டுவிடலாம்.